விமர்சனத்துக்கு வந்த இரண்டு ஸ்ட்ரைக்: ஒன்றுக்கு நில்லுங்கள், இன்னொன்றை விட்டுவிடுங்கள்

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். நான்கு ஆண்டுகளாகத் தனி ஆளாக யூடியூபில் திரைப்பட விமர்சன சேனல் நடத்துகிறார். எழுதுவது, பேசுவது, எடிட்டிங் எல்லாமே அவர்தான். யூடியூபின் தானியங்கி முறையான கன்டென்ட் ஐடியிலிருந்து க்ளெய்ம் (உரிமைக் கோரிக்கை) அவ்வப்போது வரும். அந்த வீடியோவின் விளம்பர வருமானம் போய்விடும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த வேலையைப் பார்ப்பார். இப்போது ஒரே வாரத்தில் இரண்டு வீடியோக்கள் நீக்கப்பட்டு, இரண்டு காப்புரிமை ஸ்ட்ரைக் (காப்புரிமைப் புகாரால் சேனல் மீது பதிவாகும் எச்சரிக்கை) விழுந்திருக்கிறது. முதலாவது, ஒரு படத்தைக் கடுமையாக விமர்சித்த 22 நிமிட வீடியோ. இரண்டாவது, அதே தயாரிப்பு நிறுவனத்தின் பழைய படம் ஒன்றைப் பற்றியது. அடுத்த சில நாட்களில், அந்த நிறுவனத்தின் சார்பில் பேசுவதாகச் சொல்லும் விளம்பர ஏஜென்சி ஒன்றிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது: இனி அந்தப் படத்தைப் பற்றிப் பேசமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால், இரண்டு ஸ்ட்ரைக்கையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.

அவர் கேட்பது இவை. பத்து விநாடிக்கு மேல் எந்த கிளிப்பையும் தொடர்ந்து ஓடவிடுவதில்லை, “காப்புரிமையை மீறும் நோக்கம் இல்லை” என்ற வரியும் போடுகிறேன், அப்புறம் எப்படி ஸ்ட்ரைக்? உடனே எதிர் அறிவிப்பு, அதாவது வீடியோ தவறாக நீக்கப்பட்டது என்ற முறையான மறுப்பு, அனுப்பிவிடலாமா? இல்லை, எல்லா வீடியோக்களையும் வெளிநாட்டு சர்வர் ஒன்றுக்கு மாற்றி, சொந்தத் தளம் தொடங்கிவிடலாமா? இன்னொரு பெயரில் புதுச் சேனல் தொடங்கச் சொல்லி ஒரு நண்பர் வற்புறுத்துகிறாராம்.

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பிய இரண்டு வீடியோக்களையும் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டுக்கும் நேர்ந்தது ஒரே அநியாயம் என்று நினைக்கிறீர்கள். சட்டப்படி பார்த்தால் அப்படியில்லை. முதல் வீடியோவுக்காகத் தைரியமாக நிற்கலாம். இரண்டாவதுக்காக நிற்காதீர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். “யூடியூப் என்னைக் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிட்டது” என்கிறீர்கள். யூடியூப் எந்தத் தீர்ப்பும் எழுதவில்லை. அமெரிக்காவில் 1998-இல் வந்த டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் காப்புரிமைச் சட்டத்தின் 512-ஆவது பிரிவு, பயனர்கள் ஏற்றும் வீடியோக்களுக்காகத் தளங்களின் மீது இழப்பீட்டு வழக்கு பாயாமல் பாதுகாப்புக் கொடுக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை, முறையான புகார் வந்ததும் சம்பந்தப்பட்ட வீடியோவைத் தாமதமின்றி நீக்க வேண்டும். அடுத்தடுத்து மீறுபவர்களின் கணக்கை முடக்கும் கொள்கையும் வைத்திருக்க வேண்டும். அதனால் யார் பக்கம் நியாயம் என்று அலசி ஆராய்வதைவிட நீக்கிவிடுவதே தளத்துக்குப் பாதுகாப்பு. உங்கள் வீடியோ போனதற்குக் காரணம், முறையாக நிரப்பப்பட்ட ஒரு புகார் வந்தது என்பது மட்டும்தான். உங்கள் தரப்பைச் சொல்வதற்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

க்ளெய்மும் ஸ்ட்ரைக்கும் வேறு வேறு என்பதும் கடிதத்தில் கொஞ்சம் குழம்பிக் கிடக்கிறது. கன்டென்ட் ஐடி க்ளெய்ம் என்பது இயந்திரம் செய்யும் வேலை. உரிமையாளர் கொடுத்த ஒலி, காட்சி மாதிரியோடு உங்கள் வீடியோவை ஒப்பிட்டுப் பொருத்தம் கண்டுபிடிக்கிறது. பிறகு வீடியோவை முடக்குவதா, விளம்பரப் பணத்தை எடுத்துக்கொள்வதா, வெறுமனே கவனிப்பதா என்பது உரிமையாளர் விருப்பம். க்ளெய்மால் சேனலுக்கு ஸ்ட்ரைக் விழாது. நீங்கள் ஆட்சேபித்தால் அவர்கள் 30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். க்ளெய்ம் வந்த ஐந்து நாட்களுக்குள் ஆட்சேபித்தால், அந்த முதல் நாளிலிருந்தே விளம்பர வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும். நான்கு ஆண்டுகளாக நீங்கள் விட்டுக்கொடுத்த பணத்தில் ஒரு பகுதியாவது இப்படி மீண்டிருக்கும். ஆனால் ஆட்சேபத்தில் வலு இல்லையென்றால், அவர்கள் அடுத்த படியாக முறையான நீக்கப் புகாரே கொடுக்கலாம். அப்போது அது ஸ்ட்ரைக்காக மாறும்.

ஸ்ட்ரைக்கின் கதை வேறு. 90 நாட்களுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். யூடியூப் நடத்தும் காப்புரிமைப் பாடத்தை முடித்திருந்தால் ஒவ்வொரு ஸ்ட்ரைக்கும் 90 நாட்களில் காலாவதியாகும். வீடியோவை நீங்களே அழித்தாலும் ஸ்ட்ரைக் போகாது. பலர் பதற்றத்தில் அழித்துவிட்டு, எதிர் அறிவிப்பு அனுப்பும் வாய்ப்பையும் கெடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் எதையும் அழிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது.

விநாடிக் கணக்கு என்று ஒன்று கிடையாது

பத்து விநாடி, ஏழு விநாடி, முப்பது விநாடி என்று ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். அமெரிக்கச் சட்டத்தில் அப்படி ஒரு கணக்கு எங்கேயும் இல்லை. விமர்சனம் போன்றவற்றுக்காக அனுமதி கேட்காமலே எடுத்தாள்வதை ‘நியாயப் பயன்பாடு’ என்கிறார்கள். அதற்கு அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: எதற்காக, எப்படிப் பயன்படுத்தினீர்கள்; மூலம் எப்படிப்பட்ட படைப்பு; எவ்வளவு எடுத்தீர்கள், அதில் எந்தப் பகுதி; மூலத்தின் சந்தையை அது பாதிக்குமா.

அளவு மட்டும் காப்பாற்றாது என்பதற்கு 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று உதாரணம். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜெரால்டு ஃபோர்டின் நினைவுக் குறிப்புகளிலிருந்து, அவை வெளியாவதற்கு முன்பே, ஒரு பத்திரிகை எடுத்து வெளியிட்டது சுமார் 300 வார்த்தைகள்தான். ஆனால் அது அந்நூலின் உயிர்நாடியான பகுதி என்று சொல்லி, நியாயப் பயன்பாடு என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இதற்கு நேரெதிராக 2017-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு யூடியூப் வழக்கு. சுமார் ஐந்தரை நிமிட வீடியோ ஒன்றில் மூன்று நிமிடத்துக்கும் மேல் எடுத்து, இடையிடையே நிறுத்தி நிறுத்திக் கிண்டலும் விமர்சனமும் செய்திருந்தார்கள் ஒரு தம்பதி. பாதிக்கு மேல் எடுத்தும் நியாயப் பயன்பாடுதான் என்று தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பில் நீதிபதி ஓர் எச்சரிக்கையும் வைத்தார்: எல்லா ரியாக்‌ஷன் வீடியோவுக்கும் இது பொருந்தாது, சிலவற்றில் விமர்சனமே இல்லாமல் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது மட்டும்தான் நடக்கிறது என்று. உங்கள் இரண்டு வீடியோக்களையும் பிரிக்கும் கோடு இந்த எச்சரிக்கைதான்.

“மீறும் நோக்கம் இல்லை” என்ற மறுப்பு வரிக்கும் சட்டத்தில் தனி மதிப்பில்லை. படத்தின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் போடுவது நல்ல பழக்கம், பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் அது நிபந்தனையும்கூட. ஆனால் அதுவே அனுமதி ஆகிவிடாது. காட்சியைத் திருப்பிப் போடுவது, ஓரத்தில் பார்டர் போடுவது, வேகத்தைக் கூட்டுவது எல்லாம் இயந்திரத்தை ஏமாற்றும் முயற்சி. நீதிமன்றம் வரை போனால், தப்பு என்று தெரிந்தே செய்தார் என்பதற்கு எதிர்த்தரப்பு காட்டும் முதல் சாட்சி அதுவாகத்தான் இருக்கும். உங்கள் இரண்டாவது வீடியோவில் பாடல் காட்சி கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாகத் திரும்பியிருக்கிறது. தயவுசெய்து இனி அதைச் செய்யாதீர்கள்.

உங்கள் இரண்டு வீடியோக்கள்

22 நிமிட வீடியோவில் படக்காட்சி மொத்தம் மூன்று நிமிடம் போல வருகிறது. நான் பார்த்தவரை, ஏறக்குறைய ஒவ்வொரு கிளிப்பும் நீங்கள் சொல்லும் கருத்துக்குச் சாட்சியாகவே வந்து போகிறது. நாயகி கதவைத் திறக்கும் ஷாட்டில் வெளியே வெயில், அடுத்த ஷாட்டில் இருட்டு என்று காட்டி, “எடிட்டிங் மேசையில் யாரும் இதைப் பார்க்கவில்லையா?” என்று கேட்கிறீர்களே, அந்த இடம் ஒன்றே போதும். அந்த இரண்டு ஷாட்டையும் காட்டாமல் அந்தக் குறையைப் புரியவைக்க முடியாது. எடுத்ததற்கான காரணம் எடுத்த இடத்திலேயே தெரிகிறது. விமர்சனம் கடுமையாக இருப்பதும் உங்களுக்குப் பாதகமில்லை. விமர்சனத்தைக் கேட்டு ஒருவர் படம் பார்க்காமல் போனால், அது காப்புரிமைச் சட்டம் கணக்கில் எடுக்கும் நஷ்டமல்ல. படத்துக்குப் பதிலாக உங்கள் வீடியோவையே பார்த்துத் திருப்தி அடைந்தால்தான் அது நஷ்டம். 1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு பகடிப் பாடல் வழக்கில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

இரண்டாவது வீடியோவில், படத்தின் பாடல் ஒன்று பின்னணியில் ஒன்றரை நிமிடம் ஓடுகிறது. அந்த நேரத்தில் நீங்கள் பேசுவது படத்தின் வியாபாரம் பற்றி. பாடலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அலங்காரத்துக்காகச் சேர்த்ததாகவே யாரும் எடுத்துக்கொள்வார்கள். கிளைமாக்ஸ் சண்டையும் அப்படித்தான். பத்துப் பத்து விநாடியாக வெட்டியிருந்தாலும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி முடிந்த பிறகுதான் நீங்கள் வாயைத் திறக்கிறீர்கள். பாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு: படத்தின் உரிமை ஒருவரிடம், ஒலிப்பதிவின் உரிமை இன்னொருவரிடம், இசையமைப்பின் உரிமை வேறொருவரிடம் இருக்கலாம். ஒருவர் விட்டுக்கொடுத்தாலும் மற்றவர் வருவார்.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும், பிரிட்டனில் 1988 சட்டத்தின் 30-ஆவது பிரிவும் விமர்சனத்துக்கு இடம் கொடுக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 காப்புரிமை ஆணை, தளங்கள் வடிகட்டும்போது மேற்கோள், விமர்சனம், பகடி ஆகியவற்றைக் காக்க வேண்டும் என்கிறது. எங்கே இருந்தாலும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான்: விமர்சிக்க எடுத்தீர்களா, காட்ட எடுத்தீர்களா?

எதிர் அறிவிப்பில் கையெழுத்துப் போடும் முன்

முதல் வீடியோவுக்கு எதிர் அறிவிப்பு அனுப்புங்கள் என்பதுதான் என் ஆலோசனை. ஆனால் கோபத்தில் நிரப்பும் படிவமல்ல அது. உங்கள் உண்மைப் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அவை அப்படியே புகார் கொடுத்தவருக்குப் போகும். வீடியோ தவறாக நீக்கப்பட்டது என்று நம்புவதாக, பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதியோடு சொல்கிறீர்கள். அமெரிக்காவுக்கு வெளியே இருந்தாலும், அந்தத் தளம் இருக்கும் பகுதியின் கூட்டாட்சி நீதிமன்ற அதிகார வரம்புக்கு ஒப்புக்கொள்கிறீர்கள். வீட்டு முகவரி போவதில் உங்களுக்குத் தயக்கம் இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. வழக்கறிஞர் ஒருவர் உங்கள் சார்பில் அனுப்ப யூடியூப் அனுமதிக்கிறது. உங்கள் நிலையில் அந்தச் செலவு தகும்.

அனுப்பிய பிறகு, அவர்கள் 10 அமெரிக்க வேலை நாட்களுக்குள் வழக்குத் தொடர்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் வீடியோ திரும்ப வரும், ஸ்ட்ரைக் நீங்கும். காட்டினால் விஷயம் யூடியூபின் கையை விட்டுப் போய்விடும். அங்கே என்ன ஆபத்து என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் உரிய காலத்தில் பதிவு செய்யப்பட்ட படைப்பாக இருந்து, தெரிந்தே மீறியதாக நிரூபணமானால், ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை இழப்பீடு விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. முதல் வீடியோ விஷயத்தில் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவதை வைத்துக்கொண்டு அந்த வாசலுக்கே போக வேண்டாம்.

நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் காலம் யார் பக்கம் என்பது வேறு விஷயம். குழந்தை ஒன்று பாட்டுக்கு ஆடும் 29 விநாடி வீடியோவை ஒரு தாய் 2007-இல் ஏற்றினார். இசை நிறுவனம் நீக்க வைத்தது. நீக்கப் புகார் கொடுக்கும் முன் நியாயப் பயன்பாடா என்று உரிமையாளர் யோசித்தே ஆக வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதில் சொன்னது 2015-இல். வழக்கு சமரசத்தில் முடிந்தது 2018-இல்.

இரண்டாவது வீடியோவுக்கு, புகார்தாரரிடம் மரியாதையாகத் திரும்பப் பெறும்படி கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மறுத்தால் 90 நாள் கழியட்டும். பிறகு பாடலை எடுத்துவிட்டு, சண்டைக் காட்சியில் நீங்கள் பேசும் நான்கைந்து ஷாட்டை மட்டும் வைத்து, புதிதாக வெட்டி ஏற்றலாம்.

அந்த மின்னஞ்சல்

அதை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது; மின்னஞ்சலின் முழு மூலத்தையும், அனுப்புநர் விவரத் தலைப்புகளோடு சேர்த்துச் சேமியுங்கள். எனக்கு அதில் இரண்டு சந்தேகங்கள். நீக்கப் புகாரை உரிமையாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் கொடுக்க முடியும்; இந்த ஏஜென்சி அப்படி அதிகாரம் பெற்றதுதானா? யூடியூப் அனுப்பிய அறிவிப்பில் இருக்கும் புகார்தாரர் பெயரும் மின்னஞ்சலில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். பொய்ப் புகார் கொடுத்துவிட்டுப் பேரம் பேசுவது புதிதல்ல. ஸ்ட்ரைக்கை வைத்துச் சேனல்காரர்களிடம் பணம் பறிக்கப் பார்த்த ஒருவர் மீது 2019-இல் யூடியூபே வழக்குத் தொடர்ந்தது.

அடுத்தது, அவர்கள் கேட்பதைக் கவனியுங்கள். கிளிப்பை எடு என்று கேட்கவில்லை. பேச்சை நிறுத்து என்கிறார்கள். புகாரின் நோக்கம் காப்புரிமையைக் காப்பதல்ல என்பதை அவர்களே எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். தெரிந்தே பொய்யான புகார் கொடுத்தால் நஷ்ட ஈடு கேட்க 512-ஆவது பிரிவிலேயே வழி இருக்கிறது. இந்தியாவில் என்றால், ஆதாரமற்ற வழக்கு மிரட்டலுக்கு எதிராக 60-ஆவது பிரிவு உண்டு. இவற்றில் ஜெயிப்பது சுலபமில்லை; 512-ஆவது பிரிவில் என்றால், பொய் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததை நிரூபிக்க வேண்டும். எனவே வழக்கு போடச் சொல்லவில்லை. எழுதிக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அந்த மின்னஞ்சலை வீடியோவில் படித்துக் காட்டி, நிறுவனத்தின் பெயரைச் சொல்லித் திட்டப்போவதாக எழுதியிருக்கிறீர்களே, அதையும் இப்போது செய்யாதீர்கள். அனுப்பியவர் யாரென்றே உறுதியாகாத நிலையில் அவதூறு வழக்கை நீங்களே வரவழைத்துக்கொள்வீர்கள்.

சொந்த சர்வர், புதுச் சேனல்

புதுச் சேனல் யோசனை சொன்ன நண்பருக்கு நன்றி சொல்லி, அதை அப்படியே விட்டுவிடுங்கள். சேனல் நீக்கப்பட்டவர் வேறு பெயரில் திரும்ப வருவதை யூடியூப் விதிகள் தடுக்கின்றன. கண்டுபிடித்தால் அதுவும் போகும்.

சொந்த சர்வர் விஷயத்தில் ஆசை புரிகிறது, கணக்கைப் பாருங்கள். 20 நிமிட முழு எச்டி வீடியோ, விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடினால் 750 எம்பி ஆகும். 10,000 பேர் முழுக்கப் பார்த்தால் 7.5 டிபி தரவு சர்வரிலிருந்து வெளியே போக வேண்டும். ஒரே வீடியோவுக்கு இது. சாதாரண ஹோஸ்டிங் திட்டம் இதைத் தாங்காது.

காசு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். புகார் உங்களைத் தேடி வராது என்று யார் சொன்னது? யூடியூபுக்குப் போன அதே கடிதம் ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் போகும். அங்கே ஸ்ட்ரைக் எண்ணிக்கை, மேல்முறையீடு எதுவும் இல்லாமல் மொத்தக் கணக்கையே நிறுத்திவிடக்கூடும். கூகுள் தேடலிலிருந்து பக்கத்தை நீக்கவும் தனியாகப் புகார் கொடுக்கலாம். காப்புரிமைப் புகார்களைக் கண்டுகொள்ளமாட்டோம் என்று விளம்பரம் செய்யும் சர்வர்களைச் சொல்கிறீர்கள். அங்கே உங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் திருட்டுப் படத் தளங்கள். நேர்மையான விமர்சகர் என்ற உங்கள் வாதம் அந்த முகவரியிலேயே பலவீனப்பட்டுவிடும்.

சிறிய தளங்களை முழுக்க நம்புவதும் ஆபத்து. சுயாதீன விமர்சகர்கள் பலருக்கு வீடாக இருந்த ப்ளிப் (Blip) தளம் 2015-இல் மூடப்பட்டது. யூடியூபுக்கு மாற்றாக வந்த விட்மீ 2017 டிசம்பரில் மூடப்பட்டது.

நான் செய்யச் சொல்வது இவ்வளவுதான். யூடியூபிலேயே இருங்கள். எல்லா வீடியோக்களின் அசல் கோப்பையும், எடிட்டிங் புராஜெக்டையும், சப்டைட்டிலையும் இன்றே இரண்டு தனித்தனி இடங்களில் சேமியுங்கள். சேனல் போனபின் அவற்றை இறக்க முடியாமல் போகலாம். சொந்தத் தளம் தொடங்குங்கள், ஆனால் அதில் விமர்சனத்தை எழுத்தாகவும், உங்கள் குரல் மட்டும் உள்ள ஆடியோவாகவும் போடுங்கள். படத்திலிருந்து ஒரு பிரேம்கூட இல்லாத ஆடியோவுக்குக் காப்புரிமைப் புகார் கொடுப்பது கஷ்டம். ஹோஸ்டிங் செலவும் சொற்பம். ரசிகர்களின் மின்னஞ்சல் பட்டியல் ஒன்றும் அங்கேயே இருக்கட்டும். நீக்கப்பட்ட முதல் வீடியோவை மட்டும், எதிர் அறிவிப்பு முடியும்வரை வேறெங்கும் ஏற்றாதீர்கள்.

இப்போது உங்களுக்கு அவசரம் மூன்றாவது ஸ்ட்ரைக்கைத் தடுப்பதுதான். அதே நிறுவனத்தின் படங்களைப் பற்றிய பழைய வீடியோக்கள் ஏழெட்டு இருக்கும் என்கிறீர்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, நீங்கள் பேசாமல் படம் மட்டும் ஓடும் இடங்கள் உள்ளவற்றை பிரைவேட் ஆக்குங்கள். எதிர் அறிவிப்பு அனுப்புவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள், ஏனென்றால் அது போய்ச் சேர்ந்ததும் அவர்கள் உங்கள் சேனலை இன்னொரு முறை துழாவுவார்கள். பத்து வேலை நாட்களுக்குள் நீதிமன்றத்திலிருந்து காகிதம் எதுவும் வந்தால், அது எந்த நாட்டு நீதிமன்றமாக இருந்தாலும், மின்னஞ்சலில் வந்தாலும், பதில் போடாமல் அன்றைக்கே ஒரு வழக்கறிஞரிடம் எடுத்துப் போங்கள்.